லுஸாரா வீட்டு மூக்கு

உங்கள் எழுத்தருக்கு ஜலதோஷம் போலிருக்கிறது, நீதிபதி ஐயா. நான் உள்ளே வந்ததிலிருந்து பார்க்கிறேன், மூக்கிலிருந்து கைக்குட்டையை எடுக்கவே மாட்டேன் என்கிறார். பிப்ரவரியில் நம் ஹெரெஸ் ஊர் அப்படித்தான். மத்தியானம் வெயில் சுள்ளென்று அடிக்கும், சட்டைப் பொத்தானைக் கழற்றலாமா என்று யோசிப்பதற்குள் ஈரக்காற்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துவிடும். சூடான பாலில் எங்கள் பழைய ஒயினை இரண்டு கரண்டி விட்டுக் குடிக்கச் சொல்லுங்கள். எனக்கும் பத்தொன்பது வயதில் ஒரு ஜலதோஷம் பிடித்தது. முழுசாக விட்டுவிட்டது என்று இன்றுவரை சொல்ல முடியவில்லை.

மேசைமேல் எனக்காக ஒரு கோப்பை வைத்திருக்கிறீர்கள். சிறையிலிருந்து வந்தவனுக்கு இந்த மரியாதையை யார் செய்வார்கள்? நன்றி. ஆனால் குடிக்கமாட்டேன், தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் தொழிலில் மூக்கு என்று பெயரெடுத்தவன் முகர்வதோடு சரி. குடிக்க ஆரம்பித்தால் மத்தியானத்துக்குள் எல்லாப் பீப்பாயும் அமிர்தமாகிவிடும்.

என் தங்கை கஸில்டா இறந்ததைப் பற்றி நீங்கள் எழுதி வைத்திருப்பதை வாசித்துக் காட்டினீர்கள். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், வளவளவென்று இல்லை. ஒரே ஒரு வரிதான் பிழை. அதை அடித்துவிட்டால் மற்றதற்கெல்லாம் நான் கையெழுத்துப் போடத் தயார். அந்த வரி ஏன் பிழை என்று புரியவேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்லவேண்டும். உங்களுக்கு அவசரமில்லை என்றால் எனக்கும் இல்லை.

எங்கள் லுஸாரா வீட்டு ஒயினை உங்கள் கல்யாணத்தில் குடித்ததாகச் சொன்னீர்கள். அதில் எங்கள் கொள்ளுத்தாத்தாவும் ஒரு சொட்டு இருந்திருப்பார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் கிடங்கில் பீப்பாய்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. விற்பதற்கு அடி வரிசையிலிருந்துதான் எடுப்போம், அதுவும் கொஞ்சம்தான். எடுத்த அளவுக்கு மேல் வரிசையிலிருந்து இறக்கி நிரப்புவோம், அதை அதற்கும் மேலிருந்து நிரப்புவோம். உச்சி வரிசைக்குப் புது ஒயின் வரும். அடி வரிசைப் பீப்பாய் ஒருநாளும் காலியானதில்லை. கொள்ளுத்தாத்தா உருட்டி வைத்த இடத்தை விட்டு ஓர் அங்குலம் நகர்ந்ததும் இல்லை. கூரை ஒழுகினால்கூடக் கூரையைத்தான் மாற்றுவோம்.

இவ்வளவும் ஒரு சாக்பீஸில் அடங்கியிருக்கிறது. புது ஒயின் நொதித்துப் பொங்கி அடங்கியதும், ஜனவரியில், வீட்டின் மூக்கு ஒவ்வொரு பீப்பாயாக முகர்ந்து குறி போடவேண்டும். ஒரு கோடு என்றால் மெல்லிய, உயர்ந்த ஒயின், கொஞ்சம் திராட்சைச் சாராயம் சேர்த்தால் போதும். கோடும் புள்ளியும் என்றால் கனத்த ஒயின், சாராயம் தாராளமாகப் போகும். இரண்டு கோடு என்றால் காய்ச்சி வடிக்கத்தான் லாயக்கு. நாலாவதாகக் கொக்கி மாதிரி ஒரு குறி உண்டு. அது வினிகர். கொக்கி விழுந்த பீப்பாயை அன்றைக்கே வெளியே உருட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்தில் இருப்பதெல்லாம் கெட்டுவிடும். மூக்கு சொன்னதுதான் சொன்னது, அதற்கு மேல் மறுபேச்சு கிடையாது. எங்கள் ஊரில் மேயருக்குத் தொப்பியைத் தூக்காதவன்கூட மூக்குக்குத் தூக்குவான்.

எங்கள் அப்பா தோன் ஹசின்தோ இருபத்தைந்து வருஷம் மூக்காக இருந்தவர். அடுத்தது நான் என்பது நான் பிறந்த அன்றே முடிவாகிவிட்டது. பத்தொன்பதாவது வயதில் எனக்கு ஒரு ஜுரம் வந்தது. ஊரில் பாதிப் பேருக்கு வந்தது, நிறையப் பேரைக் கொண்டுபோனது. நான் பிழைத்துக்கொண்டேன். ஜலதோஷம் மட்டும் கொஞ்சம் தங்கிவிட்டது.

அப்பாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும், சித்தப்பாக்கள் எல்லாரும் உட்கார்ந்திருக்க, என் முன்னால் மூன்று கோப்பைகளை வைத்தார்.

“என்னடா, மூக்கு வேலை செய்யுதா, இல்ல மூஞ்சி மொட்டையா இருக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கியா?” என்றார்.

சித்தப்பாக்கள் சிரித்தார்கள். நான் முதல் கோப்பையை எடுத்து முகர்ந்தேன். அன்றைக்கு மூக்கு கொஞ்சம் அதிகமாக அடைத்திருந்தது. தலையை நிமிர்த்தினால் அப்பாவின் நாற்காலிக்குப் பின்னால் கஸில்டா நிற்கிறாள். என்னைவிட இரண்டு வயது சின்னவள். பழத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு விரலைக் கன்னத்தில் வைத்திருந்தாள். நான் “ஒரு கோடு” என்றேன். இரண்டாவது கோப்பைக்கு அவள் கன்னத்தில் இரண்டு விரல். மூன்றாவதுக்கு விரலைக் கொக்கிபோல் வளைத்து மோவாயில் வைத்தாள். மூன்றும் நானாகவே நினைத்திருந்ததுதான். அவள் விரலைப் பார்த்தது ஒரு தைரியத்துக்கு.

அப்பா அழுதுவிட்டார். தன் வெள்ளிக் குப்பியிலிருந்த சாக்பீஸை எடுத்து என் சட்டைப்பையில் போட்டார். பிற்பாடு நடைவழியில் கஸில்டா என் சட்டையைப் பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

“பயப்படாத அண்ணா. ஜலதோஷம் போற வரைக்கும் நான் இருக்கேன்.”

ஜலதோஷம் போகவில்லை. அவள் இருந்தாள்.

பெண்கள் ஒயின் கிடங்குக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்பது உங்களுக்குத் தெரியும். வைத்தால் ஒயின் திரிந்துவிடும் என்பார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, நான் படித்தவன். ஆனால் வேலைக்காரர்கள் நம்புகிறார்கள், அவர்கள் மனதை ஏன் நோகடிக்க வேண்டும்? ஆகவே கஸில்டா உள்ளே வந்ததில்லை. நான்தான் சாயங்காலங்களில் கோட்டுப் பைகளில் சின்னச் சின்னக் குப்பிகளைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவேன். நடக்கும்போது கிணுகிணுவென்று சத்தம் வரும். கஸில்டா முற்றத்து மல்லிகைத் தொட்டிகளை, வாசனை குறுக்கே வராதபடி, முன்கூட்டியே தள்ளி வைத்துவிட்டுத் தையலும் கையுமாக உட்கார்ந்திருப்பாள்.

“வந்துட்டாருய்யா மணி கட்டின மாடு” என்பாள்.

ஒவ்வொரு குப்பியாகத் திறந்து அவள் மூக்கருகே நீட்டுவேன். “இது பங்குச் சாமியாரோட அலமாரி. அந்துருண்டை, அதுக்குள்ள ஒளிச்சு வெச்ச கேக்கு. ஒரு கோடு, ஒரு புள்ளி.” “இது மழையில நனைஞ்ச நாய். நாய் நல்ல நாய்தான், காயட்டும், பொறுத்துப் பாரு.” “அய்யோ, இது! அண்ணா, இது கல்யாணப் பொண்ணு. ஒரு கோடு போடு, பக்கத்துல யாரையும் விடாத.” இப்படித்தான் பேசுவாள். நான் முதலிலேயே மனதில் முடிவு செய்துவிட்டுத்தான் அவளைக் கேட்பேன். அவள் வேறு மாதிரி சொன்னால் என் முடிவை மாற்றிக்கொள்வேன். பெண்பிள்ளை ஆசையாகச் சொல்கிறாள், மறுத்தால் முகம் வாடிப்போகும் என்பதற்காக.

வேறு மாதிரி சொல்வது அடிக்கடி நடக்கும். தினமும் என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் போய்விட்டது. அந்தச் சாயங்காலங்களைப் போலச் சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை. கஸில்டா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டு வராமல் இல்லை. கால்நடை மருத்துவர் ஒருவர் வந்தார், நல்ல மனிதர், முயற்சியை விடாதவர். அவர் மேல் குதிரை வாடை அடிக்கிறது, வீட்டுக்குள் சேர்க்க முடியாது என்று நான் சொல்லிவிட்டேன். கஸில்டா விழுந்து விழுந்து சிரித்தாள்.

“குதிரை வாடையா? அது உனக்கு எப்படித் தெரிஞ்சுது அண்ணா?”

சிரித்து முடித்த பிறகு தையலை எடுத்து, விளக்கு வைக்கும் நேரம் தாண்டியும் தைத்துக்கொண்டிருந்தாள். மருத்துவர் பிறகு கடிஸ் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

இப்போது அமாலியா அம்மாளுக்கு வருகிறேன். பக்கத்து ஊரான சான்லூகாரில், கணவன் செத்த பிறகு தானே ஒயின் வீட்டை நடத்துகிற பெண்மணி. உங்களிடமும் வந்து சாட்சி சொல்லியிருக்கிறார். குரல் பெரிசு, தொப்பி அதைவிடப் பெரிசு. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வசந்தகாலத்துக் குதிரைச் சந்தைக்கு வந்தபோது எங்கள் வீட்டில் சாப்பிட்டார். தன் வீட்டு ஒயினையும் ஒரு புட்டி கொண்டுவந்திருந்தார். கஸில்டா கோப்பையைக் கையில் வாங்கினாள், உதட்டுக்குக்கூடக் கொண்டுபோகவில்லை.

“உங்க ஆத்தங்கரைப் பக்கத்து ஜன்னல் ஒண்ணு உடைஞ்சு கெடக்கு. இந்தப் பீப்பாய் அதுக்கு நேராத்தான் இருக்கு. சீக்கிரம் கண்ணாடி போடுங்க, பாவம், நடுங்குது” என்றாள்.

அமாலியா அம்மாள் மூக்கின் மேல் விரலை வைத்தார். “கல்லுலயே செதுக்கி வெச்சாலும் இந்த மூக்குக்குத் தகும். நீ என்கூட வந்துடும்மா. எங்க கிடங்குல பொம்பளை நுழைஞ்சு பல வருஷம் ஆச்சு, நான்தான் அந்தப் பொம்பளை. ஒயின் ஒண்ணும் திரியல. வாசல் பலகையில உன் பேரையே போடறேன்.”

நான் சிரித்தேன், கஸில்டா சிரிக்கவில்லை. ஆகஸ்ட் கடைசியில், திராட்சை அறுப்பு தொடங்குகிற நேரத்தில், தையலை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அண்ணா, நான் சான்லூகார் போறேன்.”

“எத்தனை நாளைக்கு?”

“திரும்பி வர்ற மாதிரி இல்ல.”

“அங்க உனக்கு என்ன வேலை?”

“இங்க செய்யற அதே வேலைதான். அங்க வெளிப்படையா செய்வேன், அவ்வளவுதான் வித்தியாசம்.”

“ஊர் என்ன பேசும் கஸில்டா?”

“நான் வாயத் தொறக்கமாட்டேன். நம்ம அப்பா மேல சத்தியம். ஆனா நீ ஒரு நல்ல பையனப் பாத்துப் பழக்கு. உனக்கு ஐம்பது தாண்டியாச்சு, இன்னும் ஜலதோஷம் ஜலதோஷம்னே சொல்லிட்டிருக்கே. அது செத்துப்போச்சு அண்ணா. எப்பவோ செத்துப்போச்சு. நாம ரெண்டு பேரும் சேர்ந்து அதுக்கு ஒரு அழுகை அழுதிருக்கணும், அழல.”

அதை அவள் கோபமாகச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குத்தான் முகமெல்லாம் எரிந்தது.

நீங்கள் எழுதியிருக்கிற அந்த வரிக்கு வந்துவிட்டோம். “தனக்கு முகரும் சக்தி இல்லை என்பது வெளியே தெரிந்துவிடாமல் இருக்க” என்று போட்டிருக்கிறீர்கள். அதுதான் பிழை. இல்லாத ஒன்றை ஒருவன் எப்படி மறைப்பான்? கொஞ்சம் அடைப்பு, அவ்வளவுதான். நான் செய்ததற்குக் காரணம் அது இல்லை. அடி வரிசைப் பீப்பாய் வீட்டை விட்டுப் போகாது. உங்கள் வீட்டு அஸ்திவாரத்தைப் பக்கத்து ஊர்க்காரி கேட்டால் பெயர்த்துக் கொடுப்பீர்களா? அவளை நான் நகரவிடவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எளிதான வாக்கியம்தான்.

விஷத்தைப் பற்றியும் யோசித்தேன், மறைக்கவில்லை. ஆனால் கஸில்டாவுக்கு விஷமா! குப்பியைத் திறக்கும்போதே இரண்டு அறைக்கு அப்பாலிருந்து “அண்ணா, என்னத்தப் போட்டுக் கலக்கறே?” என்று கேட்டிருப்பாள். ஹெரெஸிலேயே சிறந்த மூக்கு அது. அவளுக்கு வாசனையே இல்லாத ஒன்றுதான் சரிப்படும். நல்லவேளையாக எங்கள் தொழிலிலேயே அப்படி ஒன்று இருக்கிறது. அதற்கும் அவள்தான் வழி காட்டினாள்.

“போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு ஆசை அண்ணா” என்றாள். “உள்ள வந்து பாக்கணும். ஒரு தடவை. யாரும் இல்லாதப்ப கூட்டிட்டுப் போ. இத்தனை வருஷமா குப்பியிலயே பாத்துட்டேன், பீப்பாய்ல பாக்க வேண்டாமா?”

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் பூசைக்கும், பூசை முடிந்து காளைச் சண்டைக்கும் போயிருந்த மத்தியானம், அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். தேவாலயத்துக்குப் போட்டுக்கொள்ளும் நல்ல காலணிகளைப் போட்டுக்கொண்டு வந்தாள். வாசலில் நின்று அவற்றைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். தரை ஈரமணல், காலணி கெட்டுவிடுமே என்று கழற்றுகிறாள் என நினைத்தேன். அதற்கில்லை என்று அவள் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது.

அன்றைக்கு அவளைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். தலை நரைத்தவள், சந்தைக்கு வந்த குழந்தைபோல வரிசை வரிசையாக ஓடினாள். பீப்பாய் பீப்பாயாகக் கை வைத்துப் பெயர் சொல்லி விசாரித்தாள். “ஓ, சாமியார் அலமாரி, நீதானா அது? நல்லா வந்துட்டியே.” ஓர் இடத்தில் நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். “இந்தக் கோட்டை யார் போட்டது? நான் இத புள்ளின்னு சொன்னேனே. மறந்துட்டியா? இங்க பாரு, முப்பது வருஷமா தப்பான சட்டையைப் போட்டுட்டு நிக்குது, பாவம்.” அடி வரிசையில் கொள்ளுத்தாத்தாவின் பீப்பாய்மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் அப்படியே இருந்தாள். எனக்கும் கண் கலங்கியது. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா.

கிடங்கின் பின்பக்கம், பூமிக்குக் கீழே, புதுச் சாறு பொங்குகிற அறை இருக்கிறது. சாறு பொங்கும்போது கனமான ஒரு காற்று கிளம்பித் தரையோடு தேங்கிக் கிடக்கும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. அதில் மூழ்கினவன் கிணற்றில் மூழ்கினதுபோலத்தான். அதனால் வாசலில் ஓர் ஆணியில் மெழுகுவர்த்தி தொங்கும். எவனாக இருந்தாலும் அதை ஏற்றி, முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டுதான் படி இறங்கவேண்டும். சுடர் சாய்ந்தால் திரும்பி ஏறிவிட வேண்டும், உள்ளே யார் விழுந்து கிடந்தாலும் சரி. ஒருவனைத் தூக்கப்போய் மூன்று பேர் செத்த கதையெல்லாம் எங்கள் ஊரில் உண்டு. குதிரைக்குப் புல் போடுகிறவனுக்குக்கூட இந்த விதி தெரியும். கஸில்டாவுக்குத் தெரியாது. முகர்ந்தே ஓர் ஒயினின் பூர்வீகம் சொல்கிறவள், ஆனால் வாசலைத் தாண்டி நாங்கள் அவளை விட்டதே இல்லையே.

காற்றுப்போக்கிகளைச் சனிக்கிழமையே நான் அடைத்து வைத்தேன். அது உங்கள் தாளில் விட்டுப்போயிருக்கிறது, சேர்த்துக்கொள்ளுங்கள்.

“இந்த மெழுகுவத்தி எதுக்கு அண்ணா?” என்று கேட்டாள்.

“இருட்டுக்கு. இப்பப் பட்டப்பகல்தானே. இறங்கு, இந்த வருஷத்துச் சாறு கீழதான் இருக்கு. முதல்ல மோந்து பாக்கற ஆள் நீதான்.”

பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். தொட்டி விளிம்பில் குனிந்தாள். “ரொட்டி மாவு” என்றாள். “பச்சை ஆப்பிள். அண்ணா, இது நல்ல வருஷம். இது ரொம்ப நல்ல...” என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை.

கொஞ்சநேரம் பொறுத்து நான் மெழுகுவர்த்தியை ஏற்றி, முழங்கால் உயரத்தில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். மூன்றாவது படியிலேயே அணைந்துவிட்டது. விதி விதிதான், திரும்பி ஏறிவிட்டேன். அணைந்த பிறகும் இறங்குகிற ஆளை அப்பா அன்றைக்கே வேலையை விட்டு அனுப்பியிருப்பார்.

கஸில்டா ஆசைப்பட்டுத் தனியாக உள்ளே போய்விட்டாள் என்று சொன்னேன். எல்லாரும் நம்பினார்கள். பெண்கள் கிடங்குக்குள் போகக் கூடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள் என்று பங்குச் சாமியார் அடுத்த ஞாயிறு பிரசங்கமே வைத்தார். அமாலியா அம்மாள் மட்டும் அடக்கத்தின்போது பெரிய தொப்பிக்குக் கீழிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஒரு தவறு செய்தேன், ஒத்துக்கொள்கிறேன். மெழுகுவர்த்தியைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். எடுத்த பொருளை எடுத்த இடத்தில் வைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம், கை தானாகச் செய்துவிட்டது. எங்கள் மேஸ்திரி சிப்ரியானோ சனிக்கிழமை சாயங்காலம்தான் புது மெழுகுவர்த்தி மாட்டியிருக்கிறான். ஞாயிறு மாலை உடலை எடுக்க அவன் வந்தபோதே அதன் திரி கருகியிருந்தது. உள்ளே செத்துக் கிடந்தவள் ஏறி வந்து மாட்டிவிட்டுப் போனாளா என்று யோசித்தவன், யோசனையைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டான். குழந்தை குட்டிக்காரன்.

ஜனவரி வந்தது. நானே தனியாகக் குறி போட்டேன். எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? யாரையும் கேட்கவில்லை, யாருக்காகவும் முடிவை மாற்றவில்லை. பின்னால் வந்துகொண்டிருந்த சிப்ரியானோதான் ஒவ்வொரு பீப்பாயிலும் நின்று நின்று வந்தான்.

“முதலாளி, இதுக்கு ஒரு கோடா? நல்லா... நல்லாப் பாத்தீங்களா?”

“ஏன், உன் மூக்கு வேற சொல்லுதா?”

“என் மூக்கு என்ன மூக்கு முதலாளி. நீங்க சொன்னா சரிதான்.”

தொப்பியைத் தூக்கினான். நான் ஒரு கோடு போட்ட பீப்பாய்களை உச்சி வரிசையில் ஊற்றினார்கள். அதிலிருந்து அடுத்த வரிசை, அதிலிருந்து அதற்கடுத்தது. அடுத்த இலையுதிர்காலத்தில் ஒருநாள் காலை நான் போனபோது வேலைக்காரர்கள் எல்லாரும் வெளியே முற்றத்தில் நின்றுகொண்டிருந்தார்கள், யாரும் உள்ளே போகவில்லை. சிப்ரியானோ கொள்ளுத்தாத்தாவின் பீப்பாயிலிருந்து நீளக் காம்புக் குவளையால் எடுத்து வந்து என்னிடம் நீட்டினான். முகர்ந்து பார்த்து, அருமையாக இருக்கிறதே என்றேன். அவன் குவளையைக் கீழே போட்டுவிட்டுக் குழந்தைபோல அழுதான். அன்று சாயங்காலமே உங்களிடம் வந்துவிட்டான். ஒரு மனுஷி செத்ததற்கு ஒரு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவன், ஒயின் செத்ததும் வந்து சொல்லிவிட்டான். அவன் மேல் எனக்கு வருத்தமில்லை. அசல் ஹெரெஸ்காரன்.

வரிசை முழுவதும் வினிகராகிவிட்டது என்று ஊரே பேசுகிறது. எனக்குத் தோன்றுவது வேறு. கஸில்டா அன்றைக்கு உள்ளே வந்தாள் இல்லையா? பெண் காலடி. நான் நம்பாதவன்தான், ஆனால் வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

சாயங்காலங்கள்தான் போகமாட்டேன் என்கின்றன, ஐயா. சிறையிலும் அந்த நேரம் வந்தால் கை தானாகக் கோட்டுப் பையைத் தடவுகிறது. அவளிடம் சொல்வதற்கு என்னென்னவோ சேர்ந்து கிடக்கிறது. அவள் இல்லாமல் எனக்கு எதுவுமே ருசிக்கவில்லை. இதை எழுத வேண்டாம்.

சரி, இந்தக் கோப்பையை முகர்ந்து சரியாகச் சொல்லிவிட்டால் அந்த வரியை அடித்துவிடுகிறேன் என்று சொல்கிறீர்கள். நியாயமான பேச்சு. நீங்கள் கேட்காவிட்டாலும் நானே கேட்டிருப்பேன். கையை அவிழ்த்ததற்கு நன்றி. ஒயினைச் சுற்றிவிட ஒரு கை வேண்டும்.

நிறம் நல்ல நிறம். பழக்கதோஷம், பாருங்கள், உங்கள் நாற்காலிக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டேன். அங்கே உங்கள் எழுத்தர்தான் நிற்கிறார். கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு, ஒரு விரல் கன்னத்தில் நீண்டிருக்கிறது. ஒரே விரல்.

நானும் அதைத்தான் நினைத்தேன். மெல்லிய ஒயின், உயர்ந்த ரகம், பாதாம் வாசனை, லேசாகக் கடல்காற்று. மூக்கில் கொஞ்சம் சுருக்கென்கிறது, இளம் ஒயினின் துடிப்பு அது. சாக்பீஸை என்னிடமிருந்து பிடுங்காமல் விட்டது நல்லதாயிற்று. இதோ, உங்கள் மேசைமேலேயே போட்டுவிட்டேன். ஒரு கோடு. இப்போது அந்த வரியை அடியுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன். என் தங்கையைக் கொன்றேன், மூக்கு இல்லாததால் அல்ல.

ஏன் பேனாவைக் கீழே வைத்துவிட்டீர்கள்? எழுத்தர் உங்கள் காதில் ஏதோ சொல்கிறாரே. எதிர்க் கடை சமையற்கட்டிலிருந்து அவரே வாங்கிவந்த வினிகராம், ஒரு மணி நேரமாக அறையில் நிற்க முடியவில்லையாம். விட்டுத்தள்ளுங்கள், ஐயா. ஜலதோஷம் பிடித்த மனிதர், பாவம், அவருக்கு என்ன தெரியும்.